சீல் வைத்த கூண்டும் ஆதிகேசவனின் சந்தேகமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு குழாய்த் தொழிற்சாலையின் சரக்கு வாசலை ஆதிகேசவன் காத்துவந்தார். காத்துவந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, உண்மையில் சந்தேகப்பட்டுவந்தார். வரும் பார்சல் ஒவ்வொன்றையும் முகர்வார், தட்டுவார், குலுக்குவார். அலுவலகத்துக்கு வந்த தீபாவளி லட்டு அவர் கையைத் தாண்டிப் பூந்தியாகத்தான் உள்ளே போனது.

இந்த ஆராய்ச்சி முடியும்வரை பார்சல் வண்டிகள் வெளியே நிற்கும். டிரைவர்கள் தூங்கி எழுந்து, நாஷ்டா முடித்து, மறுபடி தூங்குவார்கள்.

பொறுத்துப் பார்த்த பார்சல் கம்பெனி ஒரு வழி கண்டது. தொழிற்சாலைக்குரிய எல்லாப் பார்சலையும் தன் கிடங்கிலேயே சரிபார்த்து, ஒரே இரும்புக் கூண்டில் அடுக்கி, சீல் வைத்து அனுப்பியது. சீல் சரியாக இருந்தால் கூண்டு நேரே ஸ்டோருக்கு உருண்டுவிடும். அறுந்திருந்தால் மட்டும் பழையபடி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இந்த வாரம் பழுதில்லாமல் நடந்தால் ஆதிகேசவனின் வேலைக்கு இனி அவசியமில்லை என்றார் தொழிற்சாலை மேனேஜர் நந்தினி.

வாரம் முடியப்போகிறது, ஒரு பழுதும் இல்லை. அதுதான் ஆதிகேசவனை உறுத்தியது. பழுதே இல்லாத காரியத்தின் பின்னால் எவ்வளவு பெரிய திருட்டுக் கூட்டம் இருக்க வேண்டும்!

“இன்னா நைனா, இவ்ளோ சீக்கிரம் வந்துகினுகீற?” என்றார் ஆதிகேசவன், கூண்டோடு வந்த பழவேற்காட்டு டிரைவர் அஹ்சனிடம்.

“சீக்கிரம் வரத்தான்ணா இந்தக் கூண்டே.”

“அதான் கேக்கறேன். அப்டி இன்னா அவசரம்?”

அஹ்சன் டீ குடிக்கப் போனதும், ஆதிகேசவன் கட்டிங் பிளேயரால் சீலைக் கத்தரித்தார். ஒவ்வொரு பெட்டியாகக் குலுக்கினார். வால்வு வால்வாகவே இருந்தது. கையுறை கையுறையாகவே இருந்தது. ஒன்றும் குறையவில்லை. மனிதர் இடிந்துபோனார்.

திரும்பி வந்த அஹ்சன் இதையெல்லாம் பார்த்தபடி நின்றார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்ததில் நந்தினியே இறங்கி வந்துவிட்டார்.

“சீலை யார் அறுத்தது?”

பாக்கெட்டில் இருந்த பிளேயர் ஆதிகேசவனுக்கு அம்மிக்கல்லாகக் கனத்தது. வேலை போயிற்று என்றே முடிவுகட்டினார்.

“பள்ளத்துல வண்டி குதிச்சிச்சு மேடம். எங்கியோ மாட்டி அந்துகிச்சு,” என்றார் அஹ்சன்.

மேடம் யோசித்தார். வழியில் சீல் அறுந்துபோகும் என்றால், வாசலில் அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஆள் எதிரிலேயே நின்றார். அஹ்சனுக்கு வண்டி ஓட்டுவது எப்படி என்று நீண்ட பாடம் கிடைத்தது. ஆதிகேசவனுக்குச் சீல் சரிபார்ப்பாளர் பதவி கிடைத்தது.

மேடம் போனதும் ஆதிகேசவன் நெருங்கி வந்தார். “எனுக்கோசரம் எதுக்குடா பொய் சொன்ன? உள்ளத சொல்லு.”

“இங்க உனுக்கு வேல போச்சுன்னா, பார்சல் பாக்கற வேலைக்கு எங்க கிடங்குலதான் வந்து சேருவ. அங்க நீ குலுக்க ஆரம்பிச்சா ஒரு வண்டி கெளம்பாது. பேஜாருணா!”

பதில் நியாயமாகத்தான் இருந்தது. நியாயமான பதில்களை ஆதிகேசவன் என்றைக்குமே நம்பியதில்லை. இப்போதெல்லாம் சீலை ஒரு பார்வையில் விட்டுவிடுகிறார். அஹ்சனைத்தான் தலையிலிருந்து கால்வரை சரிபார்க்கிறார்.