உப்பைத் தொட்டு அளப்பவள்

சட்டத்தைத் தொடுவதற்கு முன்னால் உப்பைத் தொடுவாள். சன்னலோரம் மூடியில்லாத கிண்ணத்தில் கல்லுப்பு இருக்கும். இரண்டு கல்லை எடுத்து விரலிடுக்கில் உருட்டுவாள். பிசுபிசுத்தால் அன்றைக்கு அளவு கிடையாது. "காத்துல ஈரம். காயட்டும், பாக்கலாம்" என்று கையைத் துடைத்துக்கொள்வாள்.

கட்டிலுக்கு மூங்கில் சட்டம் சீவும் பட்டறை அது. சட்டத்தை இரண்டு கட்டைகளின் மேல் கிடத்தி, நடுவில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. கோட்டுக்குக் கீழே இறங்கினால் கழிவு.

"உப்பு சரியா இருக்கா அக்கா? எறக்கிடலாமா?" என்று சீவுகிறவர்கள் கேலி செய்வார்கள். "ஒன் வாய்க்கு ரெண்டு கல்லு எடுத்துக்கோ" என்பாள், தலை நிமிராமல்.

மூன்று வருடத்துக்கு முன் இந்தக் கிண்ணம் இல்லை. அப்போது நாத்தனாரும் இங்கேதான் சீவிக்கொண்டிருந்தாள், நல்ல கைக்காரி. விடாமல் மழை பெய்த ஒரு வாரம், அளவுக்கு வந்தவை நாத்தனாரின் சட்டங்கள் மட்டும். ஒன்றுவிடாமல் தொய்ந்தன. "முத்தாத மூங்கிலைச் சீவித் தள்ளியிருக்கா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள் இவள். சொந்தம் பார்க்காமல் சொன்னோம் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அன்றைக்கே நாத்தனாரை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த கோடையில், கொட்டகை மூலையில் மிஞ்சிக் கிடந்த அந்தச் சட்டங்களில் ஒன்றை எடுத்துச் சும்மா அளந்து பார்த்தாள். அசையவில்லை. இன்னொரு கல்லை ஏற்றினாள். அப்போதும் கோட்டைத் தொடவில்லை. மூங்கிலில் குறையே இல்லை. மழைக்காற்றின் ஈரத்தைக் குடித்து இளகியிருந்தது, காய்ந்ததும் விறைத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

மறுநாளே உப்புக் கிண்ணம் வந்தது. முதலாளியிடமும் சொன்னாள். "அதான் வேற ஆள் போட்டாச்சே, விடும்மா" என்றார். வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒரே கூரை, ஒரே அடுப்பு. நாத்தனார் இப்போது சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். இவள் நாற்காலியை இழுத்தால், "வளையுதான்னு பாத்துட்டு ஒக்காருங்க அண்ணி. அப்புறம் அது தலைலயும் பழி விழும்" என்பாள். இவள் சிரித்து வைப்பாள். சிரிக்கச் சிரிக்க, சொல்ல வேண்டியது இன்னும் உள்ளே போய்விடும்.

போன வாரம் பட்டறையில் ஆள் பற்றாமல் போயிற்று. "ஒன் நாத்தனார் திரும்ப வருமா, கேட்டுப்பாரேன்" என்றார் முதலாளி. இனியும் மறைக்க முடியாது. அன்று மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனாரின் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் கை நிற்காமல் கேட்டாள்.

"அளவு தப்புறது யாருக்கும் நடக்கும் அண்ணி. அது போகட்டும். ஒங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சுது?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

நாத்தனார் அடுத்த துணியை எடுத்தாள். வீட்டில் உள்ள அத்தனை பேர் துணியையும் மடித்து அடுக்கினாள். அண்ணியுடையதை மட்டும் மடிக்காமல் அவள் பக்கம் தள்ளிவைத்தாள்.