தகரத்தில் வைத்த கறிவேப்பிலை

சிரம்பானின் லோபாக் பகுதியில், கடைக்கு மேலே நான் குடியிருக்கும் வீட்டின் மாடியில் கறிவேப்பிலை வைப்பதற்காக, இன்று மண்ணெண்ணெய்த் தகரத்தின் அடியில் ஆணியடித்துத் துளையிட்டேன். அந்த ஓசை என்னை நான் வளர்ந்த லாபு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசைவீட்டுக்கு இழுத்துச் சென்றது.

அம்மாவும் கறிவேப்பிலை வைக்க இப்படித்தான் தகரத்தில் ஆணியடித்தாள். வாசலில் மண் இருந்தும் அதில் எதையும் நடமாட்டாள். தரையில் வைத்தால் விட்டுவிட்டல்லவா போகவேண்டும்? அடுத்த ஆண்டு கப்பலேறி ஊர் திரும்புவோம் என்று அப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிவந்தார். அம்மா அரிசி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றியபடி காத்திருந்தாள்.

"என்ன புள்ள, கப்பலுக்கு இப்பவே சாமான் கட்டுறியா?" என்பார் கங்காணி.

"ஆமாங்க. செடி முன்னால போவும், நான் பின்னால போவேன்."

ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் அவள் இறந்தாள். ரப்பர் மரங்களுக்கு அப்பால் புதைத்தோம்.

பிறகு அப்பாவுக்குச் சிரம்பானில் வேலை கிடைத்தது. புறப்பட்ட காலையில் அவர் தகரத்தைத் தூக்கினார், அசையவில்லை. அதன்கீழ்ச் செங்கல் வைத்து உயர்த்த வேண்டுமென்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. துளைகளின் வழியே வேர் தரைக்குள் இறங்கியிருந்தது. நான் மண்வெட்டியை நீட்டினேன்.

"வெட்ட வேணாம் தாயி," என்றார் அப்பா. "அவ இங்கதான இருக்கா. இதுவும் இருக்கட்டும்."

இன்று என் தகரத்தின்கீழ்ச் செங்கற்களை அடுக்கினேன். இந்த மாடியில் வேர் இறங்க மண் ஏது? ஆனாலும் அடுக்கினேன்.