வரிச்சிக்குடி ஒண்ணு

எங்கள் சேனலை அப்பா இன்றைக்கும் 'கவர்மென்ட் டிவி' என்றுதான் சொல்வார். அரசாங்கப் பணத்தில், நகரத்து இளைஞர்களுக்காகவே நடக்கிற சேனல் என்று நான் விளக்கினால், அதைத்தானே நானும் சொன்னேன் என்பார். பாட்டு, ஆட்டம், சுவர் ஓவியம், உடை, பைக் என்று இருபது வயதுக்காரர்கள் எதில் கிறுக்காக இருக்கிறார்களோ அதையெல்லாம் காட்டுவது எங்கள் வேலை. தலைமை நிலையம் புதுச்சேரியில். காரைக்காலுக்கு வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்குத் தயாரிப்பாளரும் நான்தான், தொகுப்பாளரும் நான்தான், சில நாள் ஸ்டுடியோவைக் கூட்டிப் பெருக்குகிறவளும் நான்தான்.

புதுச்சேரிக்கும் எங்களுக்கும் நடுவில் தமிழ்நாடு நீட்டிப் படுத்திருக்கிறது. எந்த முடிவும் அங்கே சூடாக எடுக்கப்பட்டு, இங்கே வந்து சேர்வதற்குள் ஆறிவிடும். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன். காரைக்காலில் அப்படி என்ன இளைஞர் பண்பாடு இருக்கிறது என்று அங்கிருக்கும் நிகழ்ச்சி அதிகாரி ஒருமுறை போனில் கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். மனிதர் உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். அதுதான் இன்னும் எரிந்தது.

அவருக்குப் பிடிக்கட்டும் என்று நாங்களும் என்னென்னவோ செய்து பார்த்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறைதான் எங்கள் ஸ்டுடியோ. அதில் புதுச்சேரி காபிக் கடை மாதிரி ஒரு செட் போட்டோம். சுவரில் செங்கல் படம் போட்ட தாள், மேலே தொங்குகிற மஞ்சள் பல்பு. விழிதியூரிலிருந்து ஆட வந்த பையன்களுக்குச் சித்திரை வெயிலில் தொப்பி வைத்த தடித்த சட்டையை மாட்டி உட்கார வைத்தேன். வியர்வை சொட்டச் சொட்ட, கையில் காலிக் கோப்பையோடு, அவர்கள் தெரிந்த ஆங்கிலத்தில் ஏதோ பேசினார்கள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். நிகழ்ச்சியைப் பார்த்த அம்மா, அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாய் தண்ணீராவது கொடுத்தாயா என்று என்னைக் கேட்டாள்.

கடைசியில் பயந்தது வந்தேவிட்டது. மாத முடிவோடு காரைக்காலின் அரை மணி நேரத்தை நிறுத்தப் போகிறார்களாம். அதற்கு முன் ஒரே ஒரு நேரலை செய்து கொள்ளலாம். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். பார்த்த பிறகு அவர் மனம் மாறினால் உண்டு. சாகப் போகிறவனிடம் கடைசி ஆசை கேட்கிற தொனியில் சொன்னார்கள். ஆத்திரத்தில் அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை.

யாரை நம்பி அந்த நேரலையைச் செய்வது என்பதில் மட்டும் எனக்குக் குழப்பமில்லை. வரிச்சிக்குடிப் பெண் ஒருத்தி எங்கள் நிகழ்ச்சிக்கு வந்துகொண்டிருந்தாள். வீட்டில் நெல் விவசாயம், டவுனில் பாலிடெக்னிக் படிப்பு. தானே எழுதித் தானே ராப் பாடுவாள். பேசும்போது பூனை மாதிரி இருப்பாள், பாட ஆரம்பித்தால் எனக்கு மயிர்க்கூச்செறியும். அவளுடைய அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: எட்டு மணி பஸ்ஸில் ஊர் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு போகிற பஸ் எதுவும் அவர்கள் ஸ்டாப்பில் நிற்காது. எங்கள் ஊரில் ஒரு பெண் எவ்வளவு நேரம் கலைஞராக இருக்கலாம் என்பதைக் கடைசி பஸ்தான் தீர்மானிக்கிறது. நல்லவேளை, நேரலை ஏழு மணிக்கு என்றிருந்தார்கள்.

அன்று மாலை அதிகாரி வந்து எங்களிடமிருந்த ஒரே மெத்தை நாற்காலியில் அமர்ந்த பிறகு, தலைமை நிலையத்திலிருந்து போன் வந்தது. அங்கே ஏதோ பாராட்டு விழா நீள்கிறதாம், எங்கள் நேரம் எட்டு மணிக்குத் தள்ளிப் போகிறதாம். எட்டு மணி என்றால் அவளுடைய பஸ் நேரம். பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"பாடட்டுங்க, நான் வேணாங்கல. ஆனா எட்டு மணி பஸ்ல ஏத்தி விட்டுடுங்க. நான் ஸ்டாப்புல வந்து நிப்பேன்."

போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே அந்த எட்டு மணி பஸ் அதற்குள்ளாகவே வந்து நின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் தோன்றியது: எட்டு மணிக்குப் பாட வேண்டும், எட்டு மணிக்குப் பஸ் ஏறவும் வேண்டும், அவ்வளவுதானே? பஸ்ஸிலேயே பாடட்டும்.

நேரலை அனுப்ப, மொபைல் சிம் போட்டு முதுகில் மாட்டிக்கொள்கிற பெட்டி ஒன்று எங்களிடம் இருந்தது. கேமராக்காரர் அதை மாட்டிக்கொண்டார். அன்றைக்கு அவளோடு ஆட வந்திருந்த விழிதியூர்ப் பையன்களும் பைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு ஏறினார்கள். இதற்கெல்லாம் முன் அனுமதி வேண்டுமே என்று சொல்லிக்கொண்டே அதிகாரியும் எங்களோடு வந்து ஏறிவிட்டார். கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். எல்லாரும் டிக்கெட் எடுக்க வேண்டும், படியில் நிற்கக் கூடாது, மற்றபடி உங்கள் இஷ்டம் என்றார். புதுச்சேரியில் யாரும் இவ்வளவு சீக்கிரம் எனக்கு அனுமதி தந்ததில்லை.

பஸ் நகர்ந்த பிறகுதான், தாளம் ஓட வேண்டிய ஸ்பீக்கர் மாடியிலேயே கிடப்பது உறைத்தது. காதில் மாட்டியிருந்த கருவியில் தலைமை நிலையம் பத்து, ஒன்பது என்று எண்ண ஆரம்பித்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முன் சீட்டுக் கம்பியில் விரலால் தட்டத் தொடங்கினாள். பையன்கள் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு சீட்டின் முதுகிலும் கூரையிலும் தட்டினார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

"உள்ள போ உள்ள போன்னு ஊரே சொல்லுது,
உள்ள வந்து நின்னாக்க எடம் ஏதுன்னு கேக்குது!"

இரண்டு வரிதான் போயிருக்கும், கண்டக்டர் பையோடு நேராக அவளுக்கும் கேமராவுக்கும் நடுவில் வந்து நின்றார். தினமும் பார்க்கிற பெண்தான். எங்கே இறங்குவாள் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் கேட்டால்தான் அவருக்கு டிக்கெட். "எங்கம்மா?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அவளோ தாளத்தை விடாமல் அதே மூச்சில், "வரிச்சிக்குடி ஒண்ணு!" என்றாள். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு விசில் ஊதினார். விசிலும் தாளத்தில் விழுந்தது. பையன்கள் "வரிச்சிக்குடி ஒண்ணு" என்று திருப்பிச் சொன்னார்கள். மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் "கோட்டுச்சேரி ஒண்ணு" என்று அதே தாளத்தில் கேட்டார். கண்டக்டர் ஒவ்வொரு சீட்டாக நகர, ஒவ்வொரு ஊரும் பாட்டுக்குள் வந்து ஏறியது.

அப்படியே அவர் அதிகாரியிடம் வந்து எங்கே என்று கேட்டார். பஸ் எங்கே போகிறது என்பதே அதிகாரிக்குத் தெரியாது. பாவம், விழித்தார். மொத்த பஸ்ஸும் அவருக்காகச் சொன்னது: "வரிச்சிக்குடி ஒண்ணு!" நேரலையில் டிக்கெட் வாங்கிய முதல் நிகழ்ச்சி அதிகாரி அவராகத்தான் இருக்க வேண்டும். சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தலத்தெரு வந்தது, என் வீடு ரோட்டோரம். எங்கள் வீட்டில் எட்டு மணி என்றால் ஜெபமாலை நேரம். அன்றைக்கு மட்டும் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியும் எரிய, பக்கத்தில் டிவியும் ஓடியிருக்கிறது. ஹாரன் சத்தம் கேட்டு அம்மா ஜெபமாலையும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்து, பஸ்ஸைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நேரலை கொஞ்சம் பிந்தித்தான் வரும். அதனால் அவள் உள்ளே ஓடிப்போய், தன் கை டிவியில் ஆடுவதையும் பார்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நின்றவர்கள் எல்லாரும் அந்த ஜெபமாலையைப் பற்றித்தான் பேசினார்கள்.

வரிச்சிக்குடி வந்தபோது எங்கள் நேரத்தில் மிச்சம் இருந்தது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, பாட்டு முடிகிறவரைக்கும் நிற்பதாகச் சொன்னார். தரங்கம்பாடி போக வேண்டியவர்கள்கூட முணுமுணுக்கவில்லை. அவள் இறங்கிப் பாடிக்கொண்டே நடந்தாள், நாங்கள் பின்னால் போனோம். டீக்கடை முன்னால் டூவீலரில் சாய்ந்து அவளுடைய அப்பா நின்றிருந்தார். அவர் கையிலிருந்த போனைச் சுற்றி ஒரு கூட்டம். அந்தப் போனில் படம் இன்னும் பின்தங்கி வந்தது. எதிரே மகள் வந்து நிற்கிறாள், போனில் அவள் இன்னும் பஸ்ஸுக்குள் பாடிக்கொண்டிருக்கிறாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்தார்.

"நிகழ்ச்சிய நிறுத்தப் போறதா சொன்னாங்களே, அது நீங்கதானுங்களா?"

பெண்ணின் அப்பா போனை அதிகாரி பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எம் பொண்ணு இதுல இன்னும் ஊரு வந்து சேரலைங்க. அதுக்குள்ள எப்படிங்க நிறுத்துவீங்க?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கேமரா ஓடுகிறதே என்றுகூட நினைக்காமல் அழுதேன். அதிகாரி ஒரு ஓரமாகப் போய்த் தலைமை நிலையத்தைக் கூப்பிட்டார். அடுத்த நிகழ்ச்சியை நிறுத்தி வைக்கச் சொன்னது என் காதில் விழுந்தது. திரும்பி வந்து கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு, என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"அடுத்த வாரம் எந்த பஸ்?"

இப்போது எங்களுக்கு ஒரு மணி நேரம். காரைக்காலில் கிளம்புகிற பஸ்ஸில் நாங்கள் ஏறாத பஸ் இல்லை. அந்தப் பெண் புதுச்சேரி மேடையில் பாடினாலும், கூட்டம் "வரிச்சிக்குடி ஒண்ணு" என்றுதான் கேட்கிறது. எங்களைப் பார்த்து அங்கேயும் ஒரு பஸ் வாங்கி, கடற்கரைப் பக்கம் நிறுத்தி, உள்ளே செட் எல்லாம் போட்டிருக்கிறார்களாம். பாடட்டும், நல்லா இருக்கட்டும். ஆனால் அந்த பஸ் எந்த ஊருக்கும் போவதில்லையாம்.