வெட்டாமல் விட்ட சங்கிலி

நான் படித்தது இயந்திரப் பொறியியல். பிழைத்தது கணினி நிரல் எழுதி. படித்த படிப்பு கைக்கு வராமல் போன குறையை, நியூயார்க்குக்குப் பக்கத்தில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் என் வீட்டு காரேஜில், சனிக்கிழமைகளில் தீர்த்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் அந்தப் பக்கம் வந்திறங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் கார் என்பது பெரும்பாலும் இன்னொரு தமிழ்க் குடும்பத்தின் பழைய கார். யாராவது சான்டா கிளாராவுக்கு வேலை மாறிப் போவார்கள். அவர்களுடைய பத்து வயது கார் புதிதாக வந்தவருக்குக் கைமாறும். அடுத்த சனிக்கிழமை அது என் வீட்டு டிரைவ்வேயில் நிற்கும். "அண்ணா ஒரு தடவை பாத்துட்டாப் போதும்" என்பார்கள். இரண்டு தெரு தள்ளி நல்ல மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவரிடம் போவதைவிட என்னிடம் வருவது பாதுகாப்பு என்று அவர்கள் நம்பினார்கள். அப்படி நம்புவதை நான் ஒருநாளும் தடுக்கவில்லை.

வேலை தெரியாதவன் என்று என்னைச் சொல்ல முடியாது. பிரேக் பேட் மாற்றுவேன், பெல்ட் மாற்றுவேன், ரேடியேட்டர் குழாய் மாற்றுவேன். கார் கம்பெனியின் பாகம் வேண்டாம், அதையே வேறு கம்பெனிகள் செய்து விற்கின்றன என்று தடிமனான கேட்டலாக்கைப் புரட்டிக் காட்டுவேன். பழுது பார்ப்பதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது. காரில் இல்லாததைச் சேர்ப்பதில்தான் எனக்கு ஆசை அதிகம். பழைய ரேடியோ இருந்த இடத்தில் சிடி பிளேயர், கைச்சாவியால் திறந்த கதவுக்கு ரிமோட். சாயம் போன ஒரு காரில் பட்டனை அமுக்கியதும் கதவு திறந்தால் சுற்றி நிற்பவர்கள் "அண்ணா!" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காக வாரம் முழுவதும் காத்திருந்திருக்கிறேன்.

அப்படிக் கார் வாங்கியவர்களில் ஒரு தம்பதி ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கணவர் கணினி வேலைக்கு வந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். தம்பி என்றுதான் கூப்பிடுவேன். மனைவி ஊரில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். கணவரின் விசாவில் வந்ததால் இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. இனி இதில் 'அவர்' என்று நான் எழுதுவது அந்தப் பெண்ணைத்தான். அந்த நாட்களில் அவரைப் பற்றிப் பேசும்போது எங்களில் யாரும் அவ்வளவு மரியாதையாகப் பேசவில்லை.

தம்பி அப்போது தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஃபிரீவேயில் ஓட்டிக்கொண்டிருந்தார். "ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு மிதிச்சுக் கால் மரத்துப் போகுதுங்கண்ணா" என்றார். அந்தக் காரில் குரூஸ் கன்ட்ரோல் கிடையாது. "வாங்கி மாட்டிடலாம்" என்றேன். கேட்டலாக்கில் அதற்கு ஒரு கிட் இருந்தது. பட்டனை அமுக்கினால் எஞ்சினுக்குப் பக்கத்தில் வைக்கும் ஒரு சிறு டப்பா, மெல்லிய மணிச் சங்கிலி ஒன்றை இழுக்கும். அந்தச் சங்கிலி ஆக்ஸிலரேட்டர் நெம்புகோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காலை எடுத்துவிடலாம். கார் அதே வேகத்தில் போகும்.

சங்கிலியை அளந்து, கொஞ்சம் தளர்வு மட்டும் விட்டு, மிச்சத்தை வெட்டிவிட வேண்டும் என்று கூடவே வந்த தாளில் தெளிவாக எழுதியிருந்தது. படித்தேன். வெட்டவில்லை. நாளைக்கு இவர்களும் வேறு கார் வாங்குவார்கள், இதையே கழற்றி அதில் மாட்டலாம், வெட்டினால் நீளம் போதாமல் போய்விடும் என்று தோன்றியது. நாங்கள் எதையும் வெட்டுகிறவர்கள் இல்லை. சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல் உட்கார்ந்தவர்கள். மிச்சச் சங்கிலியை மடித்துக் கட்டினேன். கட்டுவதற்கு எடுத்தது என்ன தெரியுமா? பிரெட் பையின் வாயை முறுக்கிக் கட்டியிருக்குமே, பிளாஸ்டிக் தாள் ஒட்டிய மெல்லிய கம்பி, அது. என் மனைவி அவற்றைத் தூக்கிப்போடாமல் சமையலறை டிராயரில் சேர்த்து வைத்திருப்பார். எஞ்சின் சூட்டில் அது எத்தனை நாள் தாங்கும் என்று முதலாண்டு மாணவனைக் கேட்டாலே சொல்லியிருப்பான்.

ஃபிரீவேயில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த தம்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் குளிர்காலம் முழுக்க அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

வசந்தத்தில் இரண்டு காரியம் நடந்தது. தம்பிக்கு நியூயார்க்கில் வேலை மாறி, பஸ்ஸில் போக ஆரம்பித்தார். வேதியியல் படித்த அவருக்கு ஒரு மருந்து ஆய்வகம் வேலை தர முன்வந்தது. விசாவையும் அவர்களே மாற்றிக் கொடுத்தார்கள். ஆய்வகம் பஸ் போகாத இடத்தில் இருந்தது. கார் ஓட்டினால்தான் அந்த வேலை. அவர் ஏற்கனவே லைசென்ஸ் வாங்கியிருந்தார், முதல் முயற்சியிலேயே. தம்பி இரண்டாவது முயற்சியில்தான் வாங்கினார். அதைச் சொல்லி நாங்கள் தம்பியைக் கிண்டல் செய்திருக்கிறோம். தம்பி அதை மறக்கவில்லை என்று பிறகு புரிந்தது.

வேலையில் சேர ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மத்தியானம், பக்கத்தில் உள்ள ஐசலினில் ஒரு மளிகைக் கடை பார்க்கிங்கில் அவர் ஓட்டிய கார் திடீரென்று பாய்ந்து, நடைபாதை விளிம்பில் ஏறி, கடைச் சாமான் எடுக்க வரிசையாக நிறுத்தியிருந்த தள்ளுவண்டிகளின் மேல் மோதி நின்றது. அவருக்கு மணிக்கட்டில் அடி. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நிமிடம் முன்னால் அந்த இடத்தில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தார் என்று கடைக்காரர் எல்லோரிடமும் சொன்னார்.

செய்தி கேட்டு பஸ்ஸில் கடைக்கு வந்து சேர்ந்த தம்பி அதே காரை ஸ்டார்ட் செய்து, ஒரு குறையும் இல்லாமல், நேராக என் வீட்டுக்கு ஓட்டி வந்தார். பக்கத்து இருக்கையில் அவர், மணிக்கட்டில் கட்டோடு. அன்று சனிக்கிழமை என்பதால் காரேஜில் டீ கிளாஸோடு இரண்டு நண்பர்கள் இருந்தார்கள்.

"பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுட்டாளுங்கண்ணா" என்றார் தம்பி.

"நான் மிதிக்கலீங்க. காலை எடுத்துட்டேன். எடுத்தும் போயிட்டே இருந்துச்சு. பிரேக்கை மிதிச்சாலும் இழுத்துட்டுப் போச்சு."

"காலை எடுத்தா கார் எப்படிப் போகும்? நான் இப்பத்தான ஓட்டிட்டு வந்தேன். எனக்கு மட்டும் நிக்குதே?"

"இனிமே கடைக்காரர் தள்ளுவண்டிக்கெல்லாம் ஹெல்மெட் மாட்டி வைக்கணும்" என்றார் நண்பர்களில் ஒருவர்.

"டிரைவிங் டெஸ்ட்ல ஃபர்ஸ்ட் கிளாஸ், மளிகைக் கடையில ஃபெயில்" என்றார் மற்றவர். தம்பி சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்க தொறந்து பாருங்க. என்னமோ இருக்குது" என்றார். அங்கே நின்றவர்களில் என் ஒருவன் மேல்தான் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

எல்லோரையும் உள்ளே போய் உட்காரச் சொல்லிவிட்டு பானட்டைத் திறந்தேன். தேட வேண்டிய வேலையே இல்லை. பிரெட் பையிலிருந்து எடுத்த கம்பியின் பிளாஸ்டிக் உருகிப் போயிருந்தது. கம்பி அவிழ்ந்து, நான் மடித்து வைத்த சங்கிலி ஒரு கண்ணியாகத் தொங்கியது. பக்கத்தில் இருந்த இரும்புத் தாங்கியின் முனையில் புதிதாக ஒரு கீறல். நெம்புகோலைக் கையால் இழுத்து விட்டுப் பார்த்தேன். திரும்பி வந்தது. இரண்டாம் முறையும் வந்தது. மூன்றாம் முறை கண்ணி அந்த முனையில் மாட்டிக்கொண்டது. நெம்புகோல் இழுத்த இடத்திலேயே நின்றது. அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. மோதிய அதிர்ச்சியில் கண்ணி விடுபட்டிருக்கிறது. அதனால்தான் தம்பிக்குக் கார் ஒழுங்காக ஓடியிருக்கிறது.

அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அவருடைய மணிக்கட்டு நினைவுக்கு வரவில்லை. குழந்தையோடு நின்ற அந்தப் பெண்ணும் நினைவுக்கு வரவில்லை. இனி யாரும் சனிக்கிழமை வரமாட்டார்கள் என்றுதான் தோன்றியது. இடுக்கியை எடுத்தேன். ஆறு மாதத்துக்கு முன் வெட்டியிருக்க வேண்டிய சங்கிலியை அப்போது வெட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேம்மா. புதுசா ஓட்டறவங்களுக்கு இது சகஜம். கால் எங்க இருக்குன்னு மனசுக்குத் தெரியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

அவர் அதற்குப் பிறகு ஓட்டவில்லை. கட்டுப் பிரித்ததும் தம்பி ஒருமுறை ஓட்டச் சொல்லிப் பார்த்தாராம். அவர் இருக்கையில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பாமல் இறங்கிவிட்டாராம். அந்த வேலைக்குப் போகவில்லை. எங்கே போனாலும் யாராவது அழைத்துப் போக வேண்டும். என் மனைவியே எத்தனையோ முறை அழைத்துப் போயிருக்கிறார். விருந்துகளில் பேச்சு எப்படியோ தள்ளுவண்டிக்கு வந்து சேரும். யாராவது கிளம்பினால், "வழியில தள்ளுவண்டி இருக்கும், பாத்து" என்பார்கள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த அளவுக்கு அது எனக்குப் பழகிவிட்டது.

நான் காரேஜை மூடவும் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். மனம் கசந்து கருவிகளைத் தூக்கிப்போட்டேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். அடுத்த சனிக்கிழமையே வேறொருவர் காரில் பாட்டுப் பெட்டி மாட்டினேன்.

ஐந்து வருடம் கழித்து அவர்கள் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். வழியனுப்பு விருந்து எங்கள் வீட்டில் நடந்தது. ஆண்கள் முன்னறையில் இருந்தார்கள். சமையலறையில் அவர் தனியாக அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். "டெக்சாஸ்ல கார் இல்லாம ஒண்ணும் முடியாதும்மா, மறுபடி ஓட்டணும்" என்று ஆரம்பித்தேன். "என்னால ஆகாதுங்கண்ணா. இன்னொரு தடவை அங்க கொழந்தை நின்னா?" என்றார். அப்போதுதான் சொன்னேன். சங்கிலி, கம்பி, கண்ணி, இடுக்கி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அடுப்பை அணைத்தார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னிக்கே."

பொரித்த அப்பளங்களை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, "அஞ்சு வருஷமா என் காலையே நான் நம்பலீங்க" என்றார். குரல் உயரவில்லை. "கால் வெச்சது எங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், நீங்க சொன்னதால, எனக்குத்தான் புத்தி தடுமாறிப் போச்சுன்னு நெனச்சுட்டேன்."

மன்னித்துவிடும்மா என்றேன். அதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. அங்க எல்லாரும் இருக்காங்க. என்கிட்டச் சொன்னதை அவங்ககிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க" என்றார்.

சரி என்றேன். முன்னறைக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் எழுந்து நின்றதுமே "அண்ணா ஸ்பீச்! அண்ணா ஸ்பீச்!" என்று கை தட்டினார்கள். அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் வாயைத் திறந்தேன். இந்தத் தம்பி எவ்வளவு உழைப்பாளி, இந்தக் குடும்பம் போனால் நமக்கு எவ்வளவு இழப்பு, டெக்சாஸ் வெயில் நம்ம ஊர் வெயில் மாதிரி என்று பேசினேன். எல்லோரும் சிரித்தார்கள். பேசி முடிக்கும்போது வாசலில் அவர் இல்லை. பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

மறுநாள் அவர்கள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. என் மனைவி உயிரோடு இருந்தவரை மனைவியோடு மட்டும் போனில் பேசுவார். அங்கே அவர் மறுபடி கார் ஓட்டினாரா என்று மனைவியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

அன்று முன்னறையில் இருந்தவர்களில் சிலர் இப்போது இல்லை. மற்றவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், பெயர் போடாவிட்டாலும் யாரென்று தெரிந்துவிடும். அன்று நான் பேசியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: அந்தப் பெண் காலை எடுத்தார். கார் நிற்கவில்லை. நிற்காததற்குக் காரணம் நான் மாட்டிய சங்கிலி. அதை அன்றே கண்டுபிடித்து, வெட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவர் மேல் தவறு என்று உங்களிடம் சொன்னவன் நான்.