கரையாத கொய்னா

பேத்தி தம்ளரில் போட்ட காய்ச்சல் மாத்திரை நுரைத்துக் கரைந்தபோது, ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் காஜா பெராங்கில் நாங்கள் இருந்த வீடு கண்முன் வந்தது.

தம்பிக்கு மலேரியா. பாயில் கிடந்து நடுங்கினான். அப்பா தன் சைக்கிளைத் தெங்கேராவில் ஒரு வியாபாரியிடம் கொடுத்து, மலேரியாவுக்கு மருந்தான கொய்னாத் தூள் ஒரு பொட்டலம் வாங்கிவந்தார். அம்மா அதைத் தண்ணீரில் கலக்கினாள். எவ்வளவு கலக்கியும் தூள் அடியிலேயே தங்கியது.

"சுண்ணாம்பைக் கொடுத்து ஏமாத்திட்டான்!" என்று அம்மா வாசலில் கொட்டினாள். மூன்றாம் நாள் தம்பி இறந்தான்.

ஜப்பான் சண்டை முடிந்தபின், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஒருவர், நானும் பக்கத்தில் நிற்க, அப்பாவிடம் சொன்னார்: "கொய்னா வெறும் தண்ணியில லேசுல கரையாது அண்ணே. எலுமிச்சைப் புளிப்பு சேர்ந்தா வேற உப்பா மாறிக் கரைஞ்சிடும்."

"அம்மாகிட்ட சொல்லிடாதம்மா," என்ற அப்பா, வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

அம்மா சாகும்வரை அந்த வியாபாரியைச் சபித்தாள். நான் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.