காரில் இடமில்லை

எண்பதுகளின் தொடக்கத்தில், தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த நான் ஒரு பழைய கார் வாங்கினேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலேயே முதல் கார். காரணம் என் மனைவி. ஏழு மாத வயிறு. தானா ராத்தா டவுனில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தால் முச்சந்தியில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து லயத்துக்கு இரண்டு மைல் இறக்கம். அரிசியும் எண்ணெயும் சுமந்துகொண்டு அவள் இனி நடக்கக் கூடாது. இதைத் தோட்டம் முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

முதல் ஞாயிறு இருவரும் டவுனுக்குப் போனோம். பஸ் என்றால் அரை நாள் வேலை. அன்று ஒன்பது மணிக்கெல்லாம் சாமான்களைக் காரில் ஏற்றியாயிற்று. அப்படியே கிளம்பியிருக்கலாம். மனசு கேட்டால்தானே! பஸ் ஸ்டேஷன் எதிரில் போய், தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தேன்.

எங்கள் கங்காணி, அவர் சம்சாரம், பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்சாதி, நான்கு பேரும் மூட்டைகளோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள்.

“தம்பி, கார் ஜோரா இருக்குலா,” என்றார் கங்காணி.

எனக்கு அது போதாதா? “ஏறுங்கண்ணே, எல்லாரும் ஏறுங்க!” என்றேன்.

கங்காணிக்கு முன் சீட், அது தோட்டத்து மரியாதை. மனைவி இறங்கிக்கொண்டாள். பின்னால் மூன்று பேர், மடியில் மூட்டைகள். அவளுக்கு இடமில்லை. வெளியாளை இறங்கச் சொல்ல வாய் வருமா? சொந்த மனுஷியிடம்தான் வரும்.

“நீ பஸ்ல வந்துடு. முச்சந்திக்கு நான் வந்து ஏத்திக்கிறேன்,” என்றேன்.

“ஐயோ, புள்ளத்தாச்சி! நான் எறங்குறேன் தம்பி,” என்று பதறினார் கங்காணியின் சம்சாரம்.

“பரவால்லக்கா, அவளுக்குப் பழக்கந்தான்,” என்றேன். மடையன்!

லயத்துக்கு வந்ததும் கங்காணி விடவில்லை, ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போ என்றார். குடித்தேன். காரின் இன்ஜினைப் புகழ்ந்தார். இன்னொரு கோப்பி குடித்தேன். முச்சந்தி ஞாபகம் வந்து நான் பதறி எழுந்தபோது பஸ் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது.

வெளியே ஓடி வந்தால், அவள் எங்கள் வீட்டுப் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாதமும் வீங்கியிருந்தன.

“பஸ்ல கூட்டமா?” என்று கேட்டேன்.

“கூட்டந்தான். ஒரு மலாய்க்காரரு எந்திரிச்சு எனக்கு எடம் குடுத்தாரு,” என்றாள். “யாரு எவருன்னே தெரியாது.”