லூமாவின் வைப்பரும் முன்சீட்டுப் பெரியவரும்

லூமாவுக்கு வாய் ஓயாது. அவன் காரின் வைப்பரோ நினைத்தால் ஓடும், நினைத்தால் ஓய்ந்துவிடும். லிம்பேயிலிருந்து கடலோரமாக இடெனாவ் வரை ஆள் ஏற்றிப் போகிற டாக்சிக்காரனுக்கு, அதுவும் ஆகஸ்ட் மாதத்தில், இதைவிடப் பெரிய சோதனை வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் மழை தூறிப் பார்த்தவர்கள் கிடையாது. வந்தால் கொட்டும், ஒரு பக்கம் மலையும் மறையும், மறுபக்கம் கடலும் மறையும்.

லூமா கடற்கரையில் மீனைப் புகையில் வாட்டும் அம்மாவுக்குப் பிறந்தவன். இருபது வயதில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினான். பிறகு டாக்சி ஓட்டும் ஆசை வந்தது. லைசென்சு மூன்றாவது தடவையில்தான் கிடைத்தது. முதல் இரண்டு தடவையும் அவனைத் திருப்பி அனுப்பியவர் ஊரார் ‘மோலா’ என்று மரியாதையாகக் கூப்பிடும் இக்கோமே என்கிற தேர்வு அதிகாரி. முதல் தடவை, “பிரேக்கை மிதிக்கிறியா, பாம்பை மிதிக்கிறியா?” என்றார். இரண்டாவது தடவை ஓட்டியதில் குற்றம் இல்லை. “பேச்சு அதிகம்,” என்று எழுதிவிட்டார்.

அந்த இக்கோமேதான் ஓய்வு பெற்றபின், தினமும் காலை ஏழு மணிக்கு பத்தோக்கேயில் ஏறி லிம்பேயில் இறங்கும் அவனுடைய வாடிக்கை. மகளின் நோட்டுப் புத்தகக் கடையில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கப் போவார். ஆறடி உயரம், இஸ்திரி போட்ட சட்டை, மடியில் குடை. முன்சீட்டு அவருடையது. கர்ப்பிணி ஏறினால்கூட, “அது மோலாவோட இடம்,” என்று பின்னால் நகர்ந்துகொள்வாள்.

கார் இருபத்தாறு வயதுக் கிழம். ஒரு பாதிரியாரிடமிருந்து லூமாவுக்கு வந்தது. அதுவரை நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. அந்த ஆண்டு மழை தொடங்கி இரண்டாவது வாரம், பத்தோக்கே தாண்டிய முதல் வளைவில் வைப்பர் கண்ணாடியின் நடுவில் நின்றது. லூமா வாயில் வந்த பாட்டும் நின்றது. வளைவு முடிந்ததும், ஒன்றுமே நடக்காதது மாதிரி வைப்பர் மறுபடி ஆடத் தொடங்கியது.

அன்று மத்தியானமே எப்போசியிடம் போனான். நாலாம் மைலில் தகரக் கூரை போட்டு கார் வயரிங் வேலை செய்கிறவள் எப்போசி. லூமாவோடு ஒரே பள்ளியில் படித்தவள். அவள் ஸ்விட்சைப் போட்டாள். வைப்பர் அழகாக ஓடியது. வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றினாள். அப்போதும் ஓடியது. கோக்கி என்கிற பயறுப் பலகாரப் பொட்டலத்தைப் பிரித்து, நிதானமாகத் தின்று முடித்து, கை கழுவிவிட்டு வந்து பார்த்தாள். ஓடிக்கொண்டேயிருந்தது.

“ஓடுதே?”

“உன்னைக் கண்டா ஓடும். என்னைக் கண்டாதான் அதுக்கு இளக்காரம்.”

“உன் பேச்சைக் கேட்டு மயக்கம் போட்டிருக்கும்.”

இருந்தாலும் பியூசை மாற்றினாள். மறுநாள் காலை அதே வளைவில் வைப்பர் நின்றது. ரிலேயை மாற்றினாள், நின்றது. ஸ்விட்சைப் பிரித்துச் சுத்தம் செய்தாள், நின்றது. மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் புதிதாகப் போட்டாள். “இனிமே நின்னா என் பேரை மாத்திக்கிறேன்,” என்றாள். மறுநாள் பத்தோக்கே தாண்டியதும் லூமா ஓரங்கட்டி, அவளுக்குப் போன் போட்டு, “புதுப் பேர் என்ன வச்சிருக்கே?” என்று கேட்டான்.

வேறு வழியில்லாமல் இரண்டு வைப்பரிலும் கயிறு கட்டி, ஒரு நுனியைத் தன் ஜன்னல் வழியாகவும் மறு நுனியை இக்கோமேயின் ஜன்னல் வழியாகவும் உள்ளே எடுத்தான். இவன் இழுத்தால் இந்தப் பக்கம் வரும், அவர் இழுத்தால் அந்தப் பக்கம் போகும்.

“இழுங்க மோலா!”

“இழுத்துக்கிட்டுதான் இருக்கேன். நீ ரோட்டைப் பாரு!”

“ரோடு தெரியணும்னா நீங்க இழுக்கணுமே!”

“லைசென்சு கொடுத்தவன் எவன்டா உனக்கு?”

“உங்க ஆபீசுல உங்களுக்கு அடுத்த சீட்டுல இருந்தவரு!”

பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்த நாலு மீன்காரிகள் சிரித்த சிரிப்பில் கார் குலுங்கியது. லிம்பே வந்து சேர்ந்தபோது பெரியவரின் இஸ்திரி போட்ட கை தோள்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நாளைக்குக் கொஞ்சம் தடிமனான கயிறா கொண்டா,” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

எப்போசிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும், கரண்டு வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லேம்போடு வந்து பின்சீட்டில் ஏறினாள். அதன் வயரை முன்னால் வைப்பர் மோட்டாரில் மாட்டிவிட்டு, விளக்கை மடியில் வைத்துக்கொண்டாள். பத்தோக்கேயில் இக்கோமேயும் இரண்டு மீன்காரிகளும் ஏறினார்கள். மழை பிடித்துக்கொண்டது. முதல் வளைவில் வைப்பர் நின்றது. விளக்கு மட்டும் எரிந்தது.

“கரண்டு வருது. எர்த்துதான் போகுது,” என்று முணுமுணுத்தாள்.

அடுத்த வளைவில் அவள் விளக்கைப் பார்க்கவில்லை. முன்னால் எட்டிக் குனிந்து, இக்கோமேயின் வலது காலைப் பார்த்தாள். வளைவு வர வர அந்தக் கால் மெல்ல முன்னே போய், காலடி ரப்பர் விரிப்பின் மேல் பலமாக ஊன்றியது. வைப்பர் நின்றது. வளைவு முடிந்தது. கால் தளர்ந்தது. வைப்பர் ஓடியது.

“லூமா, வண்டியை ஓரங்கட்டு. மோலா, காலை நல்லா மிதிங்க.”

மிதித்தார். நின்றது.

“எடுங்க.”

எடுத்தார். ஓடியது.

விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். வைப்பரின் எர்த் வயர் அந்த இடத்தில்தான் தகரத்தில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. போல்ட் துருப்பிடித்து, சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் மிதிக்கும்போதெல்லாம் வயர் இழுபட்டு விலகியது.

“ஆக, என் வண்டிக்கு ரெண்டு டிரைவர்!” என்று லூமா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். “மோலா! ரெண்டு மாசமா என்கூட நீங்களும் பிரேக் போட்டுக்கிட்டா வர்றீங்க? பாம்பையா மிதிச்சீங்க?”

மீன்காரிகளும் சிரித்தார்கள். இக்கோமே மட்டும் சிரிக்கவில்லை. குடையை விரித்தார், இறங்கினார், மழையில் நடந்துபோய்விட்டார்.

எப்போசி அன்றே போல்ட்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, வயரைக் கால் படாத இடத்துக்கு மாற்றிவிட்டாள். வைப்பர் ஒழுங்காக ஓடியது. முன்சீட்டுதான் காலியாகக் கிடந்தது. இரண்டு நாள், மூன்று நாள். பெரியவர் வேறொரு டாக்சியில் போவதாக லூமா கேள்விப்பட்டான். நாலாம் நாள் அந்த டாக்சிக்காரனே வந்து, “உன் ஆளை நீயே வச்சுக்கோப்பா. வளைவுக்கு வளைவு ‘ஸ்ஸ்’னு மூச்சு இழுக்கிறாரு. எனக்கே பயமா இருக்கு,” என்றான்.

லூமாவுக்கு அந்த மூன்று நாளும் காலைப் பயணம் உப்பில்லாத சாறு மாதிரி இருந்தது. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் அவன் பேச்சே குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நெருப்பில் சுட்ட மீனும், மரவள்ளிக் கிழங்கில் செய்த பொபொலோவும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான்.

“மோலா, நான் சிரிச்சது தப்பு.”

அவர் மீன் முள்ளை ஒதுக்கியபடியே பேசினார். “முப்பத்தோரு வருஷம்டா. தினமும் பத்துக் கத்துக்குட்டிங்க. ஸ்டியரிங், பிரேக் எல்லாம் அவனுங்க கையில, காலுல. எனக்கு ஒரு பென்சிலும் ஒரு காகிதமும்தான். ஒருத்தன் சுவத்துல மோதினான். ஒருத்தி ஓடையில இறக்கினா. இந்தக் கால் என் பேச்சைக் கேக்காது.”

“என்னை ரெண்டு தடவை திருப்பி அனுப்பினது?”

“உன் பக்கத்துல உட்கார்ந்தப்போ ரொம்பப் பயந்துட்டேன். அதான்.”

இந்தத் தடவை சிரிக்கக் கூடாது என்று லூமா வாயில் மீனை அடைத்துக்கொண்டான். பெரியவரே முதலில் சிரித்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இக்கோமே முன்சீட்டில் ஏறியபோது, காலடியில் ஒரு பிரேக் பெடல் இருந்தது. பழைய இரும்புக்கடையில் எப்போசி பொறுக்கிய பெடல். கீழே நல்ல தடிமனான ஸ்பிரிங். அவர் குனிந்து பார்த்தார்.

“இது எதோட சேர்ந்திருக்கு?”

“உங்க மனசோட,” என்றான் லூமா.

பெரியவர் காலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். ஸ்பிரிங் அமுங்கி எழும்பியது. “கொஞ்சம் இறுக்கமா இருக்கு. தளர்த்தச் சொல்லு,” என்றார்.

இப்போது அவர் இறங்கிய பிறகு அந்த இடத்துக்கு அடிதடி நடக்கிறது. மீன்காரி ஒருத்தி இடெனாவ் வரை பெடலை மிதித்துக்கொண்டே போய், இறங்கும்போது கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, “நான் மட்டும் மிதிக்கலேன்னா இன்னைக்கு எல்லாரும் கடல்லதான்,” என்று அறிவித்தாள். லூமா இரண்டு கையையும் கூப்பி அவளுக்கு நன்றி சொன்னான்.